வருகிற நாளை என்னிடம் சொல்லாதே

மகனே, இதைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் "சாப்பிட்டியாப்பா" என்றுதான் முதலில் கேட்பேன். அதற்குப் பிறகு சொல்ல வந்தது எதுவும் வாயில் நிற்காது. எழுதும்போதுதான் என் கோபம் கலையாமல் இருக்கிறது. காலமெல்லாம் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு எழுதி ஓய்ந்த கை இது. எழுத உட்கார்ந்தால் அம்மா ஒதுங்கிக்கொண்டு பழைய சூப்பிரண்டு வந்து நாற்காலியில் அமர்ந்துவிடுகிறாள். இப்போது உனக்கு வேண்டியவளும் அவள்தான்.

முந்தாநாள் பேசும்போது, "அடுத்த வாட்டி வர்றப்ப முன்னாடியே சொல்லிடுறேம்மா, நீ மட்டும் தெரிஞ்சு வச்சுக்க" என்றாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். சொல்லாதே. இங்கே துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். கிழக்கே வானம் காலையிலிருந்து கறுத்துக் கிடக்கிறது, காற்று விட்டு விட்டு அடிக்கிறது. நீ போன மாதம் வந்து ஆய்வு செய்து, 'நல்ல நிலையில் உள்ளது' என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாயே, கடலோரத்துப் புயல் பாதுகாப்பு மையத்து ஜெனரேட்டர், அது நேற்று மதியம் வரை அந்த மையத்தில் இல்லை. அது அங்கே இல்லாமல் போனதில் எனக்குப் பங்கு இருக்கிறது. உனக்கும் இருக்கிறது.

முதலில் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலையில் இருந்த காலத்தில் புதுச்சேரியிலிருந்து ஆய்வுக்கு ஜீப் கிளம்பினால், கடலூர், சிதம்பரம் எல்லாம் தாண்டி கொள்ளிடம் பாலத்தில் ஏறும்போது யாராவது ஒரு டிரைவரிடமிருந்து எங்களுக்கு ஒரு போன் வரும். "கொள்ளிடம் ஏறியாச்சு" என்பான், வைத்துவிடுவான். அவ்வளவுதான், இங்கே காரைக்காலில் எல்லா அலுவலகத்துக்கும் உயிர் வந்துவிடும். ஓர் அலுவலகத்தில் இருக்கிற தீயணைப்புக் கருவி அடுத்த அலுவலகத்துச் சுவரில் போய்த் தொங்கும். ஆய்வு அங்கே முடிந்ததும் அதற்கடுத்த அலுவலகத்துக்குப் போகும். ஒருமுறை மணல் வாளிக்கு அவசரமாகச் சிவப்புப் பெயிண்ட் அடித்து வைத்தோம். வந்த அதிகாரி அதில் சாய்ந்து நின்று, வெள்ளைப் பேன்ட்டில் பாதி வாளியைப் புதுச்சேரிக்கு எடுத்துக்கொண்டு போனார். சிரித்தோம். துறைக்குத் துறை ஆயிரம் சண்டை போடுவோம், ஒரு கோப்பு மேசையை விட்டு நகராது. ஆனால் ஆய்வு என்று வந்துவிட்டால் நாங்கள் எல்லோரும் ஒரு தாய் பிள்ளைகள்.

அதனால்தான் எல்லாத் துறைகளையும் ஒன்றாகப் பார்க்கிற அந்தப் புதிய கண்காணிப்புப் பிரிவில் உன்னைப் போட்டார்கள் என்றதும் எனக்கு அப்படி ஒரு பெருமை. ஜீப் கிடையாது, டிரைவர் கிடையாது, தேதி யாருக்கும் தெரியாது, பஸ்ஸில் ஏறி வந்து இறங்குவோம் என்று நீ சொன்னபோது, இனி கொள்ளிடம் போன் செத்தது என்று நினைத்தேன். நீயும் ரகசியத்தைக் கட்டிக் காத்தாய். என்னிடம் மட்டும், "புதன்கிழமை வர்றேம்மா, யாருகிட்டயும் மூச்சு விடாத" என்றாய். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. இது சத்தியம். மீன் மட்டும்தான் வாங்கினேன்.

பாக்கியத்தை உனக்குத் தெரியும். மார்க்கெட்டில் நமக்கு எப்போதும் மீன் கொடுப்பவள், அந்தக் கடலோரக் குப்பத்துக்காரி. உன் அப்பா போனதிலிருந்து நான் அவளிடம் வாங்குவது ஒரு கை நெத்திலி, மிஞ்சிப்போனால் நாலு மத்தி. அன்று செவ்வாய்க்கிழமை நான் போய் நின்று, முழுசாக ஒரு கொடுவா மீனைக் காட்டி, தலையைத் தனியாக நறுக்கிக் கொடு என்றேன். அவள் அரிவாள்மணையை இழுத்துப் போட்டுக்கொண்டே, "தம்பி நாளைக்கு வருதாக்கா?" என்றாள். நான் இல்லை என்றேன். "இல்லன்னா தல யாருக்கு? நீங்க தல திங்க மாட்டீங்களே" என்று சிரித்தாள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அவளுடைய மருமகன் ஓர் அலுவலகத்தில் வாட்ச்மேன். அன்று சாயங்காலமே அவன் காதுக்கும், அவன் வழியாக எல்லா அலுவலகத்துக்கும் போய்விட்டது. அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரு வீட்டுப் பிள்ளை ஊருக்கு வருகிறது என்பது அவளுக்கு நல்ல சேதி, அதைத்தான் சொன்னாள். கொள்ளிடம் போன் சாகவில்லை, நம் வீட்டு அடுப்பங்கரைக்குக் குடிவந்திருந்தது. எனக்குத்தான் அது தெரியவில்லை.

புதன்கிழமை காலையில் நீ நேராகப் பாதுகாப்பு மையத்துக்குப் போனாய். அங்கே ஜெனரேட்டர் இருந்தது, ஓட்டியும் காட்டினார்கள். சரிதான், அது அந்த மையத்துடையதேதான். மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டாய். கொடுவாக் குழம்பை மூன்றாம் முறை ஊற்றிக்கொண்டு, "காரைக்கால் பரவால்லம்மா, நான் என்னமோன்னு நெனச்சேன்" என்றாய். பஸ்ஸில் வந்த அலுப்பு, வயிறு நிறைந்த மயக்கம், செத்த நேரம் படுக்கிறேன் என்று கூடத்திலேயே சாய்ந்தாய். நான் ஜன்னலோரம் வந்து நின்றேன். நம் தெரு வழியாக ஒரு குட்டி யானை சரக்கு வண்டி போனது. பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி ஒரு மஞ்சள் ஜெனரேட்டர். காற்றில் தார்ப்பாய் விலகியதில் கைப்பிடி தெரிந்தது. கைப்பிடியில், குப்பத்துக்காரர்கள் கட்டுகிற நீல நிற வலைக்கயிறு சுற்றியிருந்தது.

எனக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. இத்தனை வருடம் அந்த வித்தையைச் செய்தவளுக்குப் புரியாதா? மையத்தில் உன் வேலை முடிந்துவிட்டது, அடுத்து நீ போகப் போகிற அலுவலகத்துக்கு அது போகிறது. அங்கே இருந்த ஜெனரேட்டர் பழுதாகி வெகுகாலம் ஆயிற்று என்பது ஊரறிந்த விஷயம். உன்னை எழுப்ப வேண்டும் என்று வந்தேன். வாயைத் திறந்துகொண்டு, சின்ன வயதில் தூங்குவது போலவே, ஒரு கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாய். எழுப்ப மனம் வரவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: பிள்ளை இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும் என்று மின்விசிறியைக் கூட்டி வைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருப்பாய். நான் ஒரு ஜெனரேட்டரையே மறைத்துவிட்டேன்.

நீ எழுந்து முகம் கழுவி, காபி குடித்து, அந்த அலுவலகத்துக்குப் போய், காலையில் பார்த்த அதே ஜெனரேட்டரை இன்னொரு முறை பார்த்து, அங்கேயும் 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதினாய். உன்னிடம் ஒன்று கேட்கிறேன். படித்த பிள்ளை நீ. அலுவலகத்து ஜெனரேட்டருக்கு யாரப்பா வலைக்கயிறு சுற்றுவார்கள்?

நீ புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தாய். ஜெனரேட்டர் மையத்துக்குத் திரும்பிப் போகவில்லை. அலுவலகத்தில் கரண்ட் போனால் கம்ப்யூட்டருக்கு வசதியாக இருக்கிறதே என்று அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் ஒரு மழை பிடித்ததல்லவா, "புயல்லாம் இல்லம்மா, வெறும் காத்தழுத்தம்தான்" என்று நீ போனில் சொன்னாயே, அந்த மழை. குப்பத்துச் சனங்களை மையத்துக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். இந்த வாரத் தொடக்கத்தில் நான் மார்க்கெட்டுக்குப் போனபோது பாக்கியம் கடை போட்டிருந்தாள், ஆனால் மீனைக் கூவவில்லை. என்னடி என்று கேட்டதும் கொட்டிவிட்டாள்.

"எங்க வூட்டுக்காரருக்கு இளைப்பு இருக்குல்லக்கா, அந்த மருந்துப் பொகை புடிக்கிற மெஷின எடுத்துகிட்டுத்தான் ஷெல்ட்டருக்குப் போனோம். கரண்ட்டு போயிடுச்சு. இந்தா போடுறாங்க, இந்தா போடுறாங்கன்னு மெஷின கையில வச்சிகிட்டு நிக்கிறேன். கடைசில ரூம்பத் தொறந்து பாத்தா தார்ப்பாயி கெடக்கு, ஜெனரேட்டர் இல்ல. அதுக்கு மூச்சு மேலயும் வரல, கீழயும் போவல. நாலு பேரு சேர்ந்து மழையில தூக்கிகிட்டு ஓடுனோம். ஆஸ்பத்திரிக்குள்ள போறப்ப நெகமெல்லாம் நீலமா போயிடுச்சுக்கா."

பிழைத்துவிட்டார். ஆனால் அவர் இப்போது ஒரே பிடியாக நிற்கிறாராம். "அடுத்த பொயலுக்கு நா எங்கயும் வரமாட்டேன், வூட்லயே கெடந்து சாவுறேங்குது. அது வரலன்னா நா மட்டும் எப்புடிக்கா போவேன்?" என்றாள் பாக்கியம். அவர்கள் வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பெரிய அலை வந்தால் முதலில் அவர்கள் வாசலுக்குத்தான் வரும்.

நான் அவளிடம் மறைக்கவில்லை. மீன், வாட்ச்மேன், நீ தூங்கியது, நான் பார்த்துக்கொண்டு நின்றது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அப்ப தம்பி வந்து பாத்துட்டுப் போனது என்னாத்துக்குக்கா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை உனக்கு அனுப்புகிறேன், அது உனக்குரியது.

அங்கிருந்து நேராக, ஜெனரேட்டரை வைத்துக்கொண்ட அந்த அலுவலகத்துக்குத்தான் போனேன். இப்போது அங்கே சூப்பிரண்டாக இருப்பவர் கலியமூர்த்தி. ஒரு காலத்தில் எனக்குக் கீழே வேலை பார்த்தவர், நம் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் வந்திருக்கிறார். எழுந்து நின்று, "வாங்க மேடம், ஒக்காருங்க" என்று நாற்காலி போட்டார். ஜெனரேட்டரை இன்றைக்கே மையத்துக்கு அனுப்புங்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை, நிதானமாகச் சொன்னார்: "எப்புடி மேடம் அனுப்புறது? தம்பி ரிப்போர்ட்ல மையத்துலயும் ஒண்ணு இருக்கு, இங்கயும் ஒண்ணு இருக்கு. நான் இதத் தூக்கி அங்க வச்சா, இங்க இல்லன்னு ஆயிடும். அப்பறம் தம்பி எழுதுனது பொய்யின்னுல்ல ஆவும்? வேலையில சேந்து ஒரு வருசம்கூட ஆவல. ஒங்க புள்ளைய நீங்களே மாட்டி விடுவீங்களா?"

பழுதான ஜெனரேட்டரையாவது சரிசெய்யுங்கள் என்றேன். அதற்கும் சிரித்தார். "நல்லா இருக்குன்னு எழுதுனத ரிப்பேர் பண்றதுக்கு எந்த ஊர்ல மேடம் அனுமதி குடுப்பாங்க?" என்றார். மகனே, அதற்கு முன்னாலாவது அந்த அலுவலகத்தில் ஒரு பழுது இருந்தது. பழுது என்று தெரிந்திருந்தால் என்றைக்காவது யாராவது சரிசெய்திருப்பார்கள். நீ வந்து போனதால் அந்தப் பழுதும் இல்லாமல் போய்விட்டது. நான் அவர் கொடுத்த டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். வழியெல்லாம் எனக்கு நானே பேசிக்கொண்டு வந்தேன். கலியமூர்த்தி மேல் கோபமா, உன் வேலை போய்விடுமோ என்ற பயமா, எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவர் சொன்னதில் பாதி, நான் அவருக்குக் கற்றுக்கொடுத்ததுதான்.

அதற்குப் பிறகுதான் நீ முந்தாநாள் போன் செய்தாய். நான் எல்லாவற்றையும் சொல்ல வாயெடுத்தேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன். ரசமும் முட்டையும் என்றாய். ரசத்துக்கு முட்டை ஒரு துணையா என்று சண்டை போட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

உன் அப்பாவை நினைத்துக்கொண்டேன். ஆற்றில் தண்ணீர் விட்டாயிற்று என்று நம் சுரக்குடி கிராமமே கொண்டாடினாலும் அவர் நம்ப மாட்டார். மதகில் போய் நின்று பார்க்கிற வழக்கமே அவருக்குக் கிடையாது. நம் வயலுக்கும் அப்பால், கடைசித் துண்டு நிலம் வரைக்கும் நடந்து போய் அங்கே சேற்றில் காலை விட்டுப் பார்ப்பார். வேட்டியெல்லாம் சேறு. துவைக்கிறவள் நானாயிற்றே, கத்துவேன். "தலமடையில இருக்குறது பேச்சுடி, கடமடையில இருக்குறதுதான் தண்ணி" என்பார். ஆய்வு என்று நீ போகிற இடத்தில் உன்னை வரவேற்று உட்கார வைக்கிறவர்கள் எல்லோரும் தலைமடைக்காரர்கள். கடைமடையில் பாக்கியத்தின் வீட்டுக்காரர் மூச்சு விட முடியாமல் படுத்திருக்கிறார். மையத்துக்குப் போனால் பொறுப்பாளரிடம் கேட்பதோடு நிறுத்தாதே, குப்பத்தில் ஏறி இறங்கி, போன மழைக்கு விளக்கு எரிந்ததா என்று கேள். இரண்டு இடத்தை ஒரே நேரத்தில் இரண்டு ஆளை விட்டுப் பார். எஞ்சின் நம்பரை எழுதிக்கொள். சாப்பாட்டை வேலை முடிந்த பிறகு வைத்துக்கொள்.

இதெல்லாம் அடுத்த ஆய்வுக்கு. முதலில் செய்ய வேண்டியது வேறு. போன மாதம் நீ எழுதிய அறிக்கை தவறு என்று நீயே எழுத வேண்டும். யாரோ கண்டுபிடித்து எழுதுவதற்கு முன்னால், புயல் வந்து ஊருக்கே காட்டிக் கொடுப்பதற்கு முன்னால், உன் கையால் எழுது. விளக்கம் கேட்பார்கள், கேட்கட்டும். வேலையை நிரந்தரமாக்குவதைத் தள்ளிப் போடுவார்கள், போடட்டும். மதிய நேரத்தில் ஆய்வாளர் தூங்கினார் என்று எழுது, எங்கே தூங்கினார் என்றும் எழுது, தாயார் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள். எனக்கு ஒன்றும் பென்ஷன் நின்றுவிடாது. நின்றாலும் மத்தி மீனுக்குப் பஞ்சம் வந்துவிடாது. உன்னை மாட்டி விடுவேனா என்று கலியமூர்த்தி கேட்டாரே, அதற்கு இதுதான் என் பதில். இப்போது மாட்டிக்கொண்டால் நீ எழுந்து வருவாய். மாட்டாமலே தப்பித்துவிட்டால் இன்னும் கொஞ்ச வருடத்தில் நீயும் ஒரு கலியமூர்த்தி ஆகிவிடுவாய், எனக்கு அதுதான் பயம்.

நீ எழுதி, அது மேலே போய், உத்தரவாகக் கீழே வருவதற்குள் இந்த மழை அடித்து ஓய்ந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். அதனால் நேற்றுக் காலையில் மார்க்கெட்டுக்குப் போனேன். பாக்கியத்திடம் குனிந்து இரண்டு வார்த்தை சொன்னேன். அவள் கண்ணைச் சுருக்கி ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு கூடையிலேயே பெரிய கொடுவாவைத் தூக்கி எல்லோர் கண்ணிலும் படும்படி பலகையில் போட்டு, மார்க்கெட்டின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கிற குரலில் கத்தினாள்: "தம்பி வருதாக்கா? இந்த வாட்டி ஷெல்ட்டருக்குத்தான் மொதல்ல போவுதா? நைட்டெல்லாம் அங்கயே தங்கிப் பாக்கப் போவுதா? தலய பெருசா நறுக்கித் தாறேன், தம்பிக்கு வச்சுக் குடுங்க!"

சாயங்காலம் நான் ஜன்னலோரம் நின்றிருந்தேன். குட்டி யானை வண்டி வந்தது, இந்த முறை கடல் பக்கமாகப் போனது. தார்ப்பாய்க்கு வெளியே நீல வலைக்கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. நான் நேரில் போய்க் கெஞ்சியும் நகராத ஜெனரேட்டரை ஒரு மீன் நகர்த்திவிட்டது. பாக்கியம் ராத்திரியே தன் வீட்டுக்காரரை அழைத்துப்போய், அதை ஓட்டச் சொல்லி, தன் மெஷினைச் செருகிக் காட்டினாளாம். "கரண்ட்டு வருது, வர்றேன்" என்று அவர் ஒத்துக்கொண்டாராம். இன்று காலையில் வந்து சொல்லிவிட்டு, வாசலில் நின்றே கொஞ்ச நேரம் அழுதுவிட்டுப் போனாள்.

ஆனால் நீ வரவில்லை என்று தெரிந்ததும் அந்த வண்டி திரும்பவும் மேற்கே வரும். ஆகவே நாளைக்கும் மீன் வாங்கப் போகிறேன். சந்தை கூடாத மழையானால் பாக்கியம் வீட்டுக்கே வருகிறேன் என்றிருக்கிறாள். இந்த மழைக்காலம் முடிகிற வரை, நினைத்த நாளில் வாங்குவேன், சனிக்கிழமை தவிர. நீ உன் திருத்தத்தை எழுதி முடித்த பிறகு இந்தக் கடிதத்தை யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், கலியமூர்த்தியும் படிக்கட்டும். படித்தாலும் அவருக்கு ஒரு பயனும் இல்லை. எந்த மீன் உனக்கு, எந்த மீன் சும்மா என்று நான் மட்டும் அறிந்திருந்தால் என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் நானும் அறியக்கூடாது. ஒவ்வொரு நாளும் நீ வருவாய் என்று நம்பியே நான் உலை வைக்க வேண்டும்.

வா. எந்த நாள் வேண்டுமானாலும் வா, அடிக்கடி வா. ஆனால் என்னிடம் சொல்லாதே, வேலை முடியும் வரை நம் தெருப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே. பசித்தால் பஸ் ஸ்டாண்டில் எதையாவது சாப்பிட்டுக்கொள். நேற்று உனக்கென்று வாங்கிய தலைத்துண்டை நானேதான் தின்றேன், எனக்குப் பிடிக்கவில்லை, நாளைக்கும் தின்பேன்.

உன் அம்மா